இழைப்புளி

தச்சர் கையாளும் கருவிகள் பல. கோடரி மரத்தை வீழ்த்தும், வாள் அதனைப் பலகையாக அறுக்கும், உளி துளையிடும், சுத்தியல் உறுப்புகளை இறுகப் பொருத்தும். ஆயினும், அறுபட்ட பலகையை மனிதர் கைபடும் பொருளாக மாற்றுவது இழைப்புளியே ஆகும். வாளின் பற்கள் விட்டுச் சென்ற கோடுகளை அது நீக்குகிறது, கோணலைச் சீராக்குகிறது, மரத்தின் உள்ளே மறைந்திருக்கும் வண்ணத்தையும் வரிகளையும் வெளிக்கொணர்கிறது. கதவாயினும் கட்டிலாயினும் குழந்தையின் தொட்டிலாயினும், தடவிப் பார்ப்போர் மகிழும் வழவழப்பு இழைப்புளி தந்த கொடையேயாகும்.

இக்கருவி பழமை வாய்ந்தது. இத்தாலி நாட்டில் கி.பி. 79ஆம் ஆண்டில் எரிமலைச் சாம்பலுள் புதையுண்ட பாம்பெயி நகரை அகழ்ந்தபோது இழைப்புளிகளும் கிடைத்தன. உரோமர் ஆட்சிக்குட்பட்டிருந்த இங்கிலாந்திலும், சில்செஸ்டர் என்னும் இடத்தில் அக்காலத்து இழைப்புளி ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அடித்தளம், அதில் ஒரு வாய், வாயின் வழியே சாய்ந்து இறங்கும் அலகு, அதனை இறுக்கும் ஆப்பு ஆகிய இவையே அன்றைய இழைப்புளியின் உறுப்புகள். இன்றைய மர இழைப்புளியின் உறுப்புகளும் இவையே. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளாக அதன் அடிப்படை அமைப்பு மாறவில்லை.

இவ்வளவு எளிய கருவியை யாரும் கையாளலாம் என்று எண்ணுதல் கூடும். அவ்வாறு எண்ணி ஒரு பலகையின்மீது அதனை ஓட்டிப் பார்ப்போர் விரைவில் உண்மையை உணர்வர். அலகு சில இடங்களில் மரத்தைத் தொடாமல் வழுக்கும். சில இடங்களில் ஆழப் புதைந்து நிற்கும். சில இடங்களில் மரத்தை இழைக்காமல் கிழிக்கும். அப்பொழுது பெரும்பாலோர் மரத்தைக் குறை கூறுவர். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாள் என்பது நாட்டு வழக்கு. பட்டறையில் தேர்ந்த தச்சரோ, மரத்தைக் குறை கூறுமுன் இழைப்புளியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பார். குறை பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

உளிக்கும் இழைப்புளிக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தால் இது விளங்கும். உளியை மரத்தில் வைத்துத் தள்ளினால், அது மரத்தின் நார் செல்லும் வழியே தானும் சென்றுவிடும். எவ்வளவு ஆழம் செல்வது என்பதற்கு அதனிடம் எல்லை இல்லை. அதே உளியைப் போன்ற ஓர் அலகை ஒரு கட்டையில் பொருத்தி, அடித்தளத்திற்கு வெளியே அதன் நுனி மயிரிழை அளவே நீளுமாறு செய்துவிட்டால், அது அவ்வளவிற்குமேல் ஆழ்ந்து செல்ல இயலாது. அடித்தளம் அதனைக் காக்கிறது. கூர்மையும் கட்டுப்பாடும் சேர்ந்த இணைப்பே இழைப்புளி. கூர்மை குறைந்தால் அலகு வழுக்கும். கட்டுப்பாடு குலைந்தால் மரம் கிழியும். ஆதலால், இழைப்புளியைப் பேணுதல் என்பது இவ்விரண்டையும் பேணுதலேயாகும்.

முதலில் கூர்மையைக் காண்போம். அலகின் ஒரு பக்கம் தட்டையானது. மற்றொரு பக்கம் சரிவானது. அச்சரிவு ஏறத்தாழ 25 பாகைக் கோணத்தில் அமைதல் வேண்டும். கோணத்தை அளக்கும் கருவி இல்லாத தச்சரும் இதனை எளிதில் கணிப்பர். சரிவின் நீளம் அலகின் கனத்தைப்போல் இருமடங்கிற்குச் சற்று மிகுந்திருந்தால் கோணம் சரி என்று கொள்வர். அலகின் விளிம்பு சிதைந்திருந்தால் முதலில் சாணைச் சக்கரத்தில் அதனைச் சீர்செய்ய வேண்டும். இங்கே அவசரம் ஆகாது. சக்கரத்தில் அழுத்திப் பிடித்தால் விளிம்பு சூடேறும். எஃகு நீல நிறம் கொண்டுவிட்டால், அவ்விடத்தில் அதன் உறுதி போய்விட்டது என்பது பொருள். அதன்பின் எத்துணைத் தீட்டினாலும் அங்கே கூர் நிலைக்காது. ஆகவே, சில நொடிக்கு ஒருமுறை அலகை நீரில் தோய்த்துத் தோய்த்துச் சாணை பிடிப்பர்.

சாணைச் சக்கரம் தருவது வடிவமே. கூரைத் தருவது தீட்டுகல். எண்ணெயோ நீரோ இட்ட கல்லின்மீது, அலகைச் சற்றே உயர்த்தி, ஏறத்தாழ 30 பாகைக் கோணத்தில் வைத்து ஒரே சீராகத் தேய்க்க வேண்டும். சிறிது நேரத்தில், தட்டையான பக்கத்தின் விளிம்பில் மெல்லிய பிசிர் ஒன்று எழும். விளிம்பின் முழு அகலத்திலும் பிசிர் எழுந்த பின்னரே தேய்ப்பதை நிறுத்தலாம்; ஒரு மூலையில் எழாவிடினும் அங்கே கூர் இல்லை என்பது பொருள். பின்பு, தட்டையான பக்கத்தைக் கல்லின்மேல் முழுவதும் படிய வைத்துச் சில முறை தேய்த்தால் பிசிர் நீங்கும். தட்டைப் பக்கத்தைச் சிறிதும் உயர்த்துதல் கூடாது. இறுதியாக ஒரு தோல்துண்டில் பலமுறை இழுத்தால் கூர் முழுமை பெறும்.

கூர் வந்ததா என்பதை அறிய விரலால் தடவிப் பார்த்தல் தீங்கானது. அதற்குப் பாதுகாப்பான வழி ஒன்று உண்டு. அலகின் விளிம்பை ஒளிக்கு நேரே பிடித்துக் கண்ணால் நோக்க வேண்டும். மழுங்கிய விளிம்பில் வெண்மையான மெல்லிய கோடு ஒன்று மின்னும். அது மழுங்கலின் அடையாளம். ஏனெனில், மழுங்கிய முனைக்கு ஓர் அகலம் உண்டு, அவ்வகலத்தில் ஒளி பட்டு மீள்கிறது. கூரிய விளிம்பிற்கு அகலம் இல்லை. ஆதலால் அங்கே ஒளி மீள்வதில்லை. மின்னும் விளிம்பைக் கண்டு மகிழ்வோர் ஏமாறுவர். ஒளி மறைந்த விளிம்பே உண்மையான கூர்.

இனி, கட்டுப்பாட்டிற்கு வருவோம். தீட்டிய அலகின்மேல் மேலலகு என்னும் மற்றொரு தகட்டைத் திருகாணியால் இணைப்பர். மேலலகின் நுனி, கூரிய விளிம்பிலிருந்து ஒரு மில்லிமீட்டர் அளவு பின்தள்ளி நிற்க வேண்டும். வெட்டுண்ட சீவல் மேலே எழும்போது, அது நீண்டு பிளந்து மரத்தைக் கிழிக்காதவாறு அதனை உடனே மடக்கிவிடுவது இத்தகட்டின் வேலை. இழைப்பதற்கு அரிய மரமாயின் இவ்விடைவெளியை இன்னும் குறைப்பர். மேலலகின் நுனிக்கும் அலகுக்கும் இடையே சிறு சந்தும் இருத்தல் ஆகாது. இருந்தால் சீவல்கள் அதில் புகுந்து வாயை அடைத்துவிடும்.

பின்னர் அலகைக் கட்டையினுள் 45 பாகை சாய்ந்த மெத்தையில் இருத்தி, ஆப்பை அளவாக இறுக்குவர். அதன்பின், இழைப்புளியைக் கவிழ்த்து, அடித்தளத்தின் நெடுக ஒரு கண்ணால் நோக்குவர். வாயின் குறுக்கே ஒரு கருங்கோடு போல அலகின் நுனி தோன்றும். கோடு ஒருபுறம் தடித்தும் மறுபுறம் மெலிந்தும் இருந்தால் அலகு சாய்ந்திருக்கிறது. அலகின் பக்கத்தில் மெல்லத் தட்டி அதனை நேராக்க வேண்டும். அலகு முன்னே வரவேண்டுமாயின் அதன் தலையில் தட்டுவர். பின்வாங்க வேண்டுமாயின் கட்டையின் பின்புறத்தில் தட்டுவர். ஒவ்வொரு தட்டுக்கும் அலகு நகர்வது கண்ணுக்குத் தெரியாத அளவே. ஆயினும் அடுத்த சீவலில் அது தெரிந்துவிடும். திருத்தம் முடிந்தபின் ஆப்பை மீண்டும் ஒருமுறை இறுக்குதல் வேண்டும்.

கண்ணுக்குப் புலப்படாத சாய்வையும் கண்டறியும் வழி ஒன்று உண்டு. ஒரு விரற்கடை அகலமுள்ள மரச்சிம்பை எடுத்து, அதனை வாயின் இடப்பக்கத்தில் ஒருமுறையும் வலப்பக்கத்தில் ஒருமுறையும் இழைத்துப் பார்க்க வேண்டும். இரு சீவல்களும் ஒரே கனமாக இருந்தால் அலகு நேர். ஒன்று தடித்தால் அப்பக்கம் அலகு மிகுந்திருக்கிறது. சீவல் பொய் சொல்லாது. நீண்டு, அறாது, நாடா போல் சுருண்டு எழும் சீவல், கருவி செம்மையாக உள்ளது என்று சான்று கூறும். தூளாகவும் துண்டாகவும் உதிரும் சீவல், அலகு மழுங்கியது என்று கூறும். தடித்து முறுகி வரும் சீவல், அலகு மிகுதியாக வெளிநீண்டுள்ளது என்று கூறும். சீவல் சுருண்டு எழும் ஓசையைக் கேட்டே இவற்றை அறியும் தச்சரும் உண்டு.

கருவி செம்மையாக இருந்தும் மரம் கிழிவதும் உண்டு. பட்டறைக்குப் புதிதாக வந்த சிறுவன் ஒருவன் இவ்வாறு இடர்ப்படும்போது, தச்சருக்கும் அவனுக்கும் இடையே நிகழும் உரையாடல் பெரும்பாலும் இவ்வாறே இருக்கும்:

“ஐயா, அலகைத் தீட்டினேன், நேராகவும் வைத்தேன். ஆயினும் மரம் கிழிகிறதே!”

“பலகையைத் திருப்பிப் போடு, தம்பி.”

அவன் திருப்பிப் போட்டு இழைக்கிறான். சீவல் அறாமல் எழுகிறது.

“இதற்குக் காரணம் என்ன, ஐயா?”

“கரும்புத் தோகையை ஒருபுறமாகத் தடவினால் வழுக்கும், எதிர்ப்புறமாகத் தடவினால் கையை அறுக்கும். மரத்திற்கும் அவ்வாறு ஒரு திசை உண்டு. பலகையின் விளிம்பைப் பார். நார் மேல்நோக்கி எழும் திசையில் தள்ள வேண்டும்.”

தேக்கில் நார் பெரும்பாலும் நேராகச் செல்லும். வேம்பு, வேங்கை போன்ற மரங்களிலோ நார்கள் ஒன்றுக்கொன்று எதிராகப் பின்னி வளரும். அங்கே ஒரு பக்கம் திருப்பினாலும் மறுபக்கம் கிழியும். அத்தகைய மரத்திற்கு அலகை மேலும் தீட்டி, மேலலகை நெருக்கி, சீவலை மென்மையாக்குதலே வழி. நேரிய நார் கொண்ட தேக்கிலும் ஓர் இடர் உண்டு. அதன் திசுக்களில் மணலின் இயல்புள்ள சிலிக்கா என்னும் பொருள் கலந்திருப்பதால், அலகு விரைவில் மழுங்கும். மழுங்கியதை உணர்ந்தவுடன் வேலையை நிறுத்தித் தீட்டச் செல்பவரே தேர்ந்த தச்சர். ‘இன்னும் நாலு இழுப்பு’ என்று தொடர்பவர் பலகையைக் கெடுப்பவர்.

பலகை கெடுவதால் விளையும் இழப்பு சிறிதன்று. 25 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு கதவுப் பலகையில், ஓரிடத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆழத்திற்குக் கிழிந்துவிட்டது என்று கொள்வோம். அவ்வடுவை மறைக்க அவ்விடத்தை மட்டும் இழைத்தால் பள்ளம் விழும். ஆதலால் பலகை முழுவதும் ஒரு மில்லிமீட்டர் இழைத்தல் வேண்டும். இவ்வாறு இருபுறமும் இரண்டிரண்டு முறை நேர்ந்தால் பலகையின் கனம் 21 மில்லிமீட்டராகக் குறையும். முன்னரே அளந்து வெட்டிய துளையில் அதன் நாக்கு பொருந்தாது ஆடும். ஒரு தேக்குமரம் நல்ல பலகை தரும் அளவிற்கு முற்றுவதற்கு 50 ஆண்டுகளுக்கு மேலும் ஆகும். அம்மரத்தை வாங்குவதற்கு ஒரு குடும்பம் பல மாதங்கள் பொருள் சேர்த்திருக்கும். இழைத்தெடுத்த மரத்தை எவராலும் மீண்டும் ஒட்ட இயலாது. சில நிமிடங்கள் கருவியைத் திருத்துவதற்குச் சோம்பியவர் அழிப்பது, பிறருடைய உழைப்பையும் ஒரு மரத்தின் வாழ்நாளையுமே.

அலகைப் போலவே கட்டையையும் பேணுதல் வேண்டும். மரக்கட்டை மழைக்காலத்தில் ஈரம் உண்டு பருக்கும், கோடையில் சுருங்கும். ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வீட்டுக் கதவுகள் நிலையில் இறுகுவதை அனைவரும் அறிவர். அதே மாற்றம் இழைப்புளிக்கும் நேர்கிறது. ஆதலால், மட்டப்பலகையின் நேரான விளிம்பை அடித்தளத்தில் வைத்து, ஒளிக்கு எதிரே பிடித்து, இடையே வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தல் வேண்டும். கசிந்தால், அடித்தளத்தில் எழுதுகோலால் குறுக்குக் கோடுகள் இட்டு, சமமான கண்ணாடியின்மேல் விரித்த உப்புத்தாளில் தேய்ப்பர். மேடான இடத்துக் கோடுகள் முதலில் அழியும்; பள்ளத்துக் கோடுகள் எஞ்சி நிற்கும். எல்லாக் கோடுகளும் அழியும்வரை தேய்த்தால் தளம் சமமாகும். அப்பொழுது அலகை உள்ளே இழுத்து, ஆப்பை மட்டும் இறுக்கியே வைத்திருப்பர். ஆப்பின் அழுத்தத்தால் கட்டை சற்று வளையக்கூடும் என்பதே காரணம். வேலை முடிந்ததும் பிசினைத் துடைத்து, அலகில் எண்ணெய்த்துணி தடவி, இழைப்புளியைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தல் நல்வழக்கம்.

மர இழைப்புளியில் தட்டித் தட்டிச் செய்யும் திருத்தத்தைத் திருகிச் செய்ய இயலாதா என்று எண்ணியவர், அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரில் கருவிகள் செய்துவந்த லியோனார்டு பெய்லி. அலகை முன்னும் பின்னும் நகர்த்தும் சிறு சக்கரம் ஒன்றை இரும்பு இழைப்புளியில் அமைத்து, 1867ஆம் ஆண்டில் அவர் காப்புரிமை பெற்றார். 1869ஆம் ஆண்டில் ஸ்டான்லி நிறுவனம் அவருடைய உரிமைகளை விலைக்கு வாங்கியது. இன்று கடைகளில் விற்கப்படும் இரும்பு இழைப்புளிகள் பெரும்பாலும் அவர் வகுத்த முறையிலேயே அமைந்தவை. அச்சக்கரத்திலும் சிறிது தளர்வு உண்டு. ஆகவே, அலகைப் பின்வாங்கிய பிறகு, மீண்டும் சற்று முன்னோக்கித் திருப்பியே திருத்தத்தை முடிக்க வேண்டும். இல்லையேல், வேலையினிடையே அலகு தானே உள்ளே நழுவும்.

கைக்கருவிக்குப் பின் பொறி வந்தது. ஆங்கிலேயரான ஜோசப் பிராமா 1802ஆம் ஆண்டில் மரம் இழைக்கும் பொறி ஒன்றிற்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்கரான வில்லியம் உட்வொர்த் 1828ஆம் ஆண்டில் சுழலும் அலகுகள் கொண்ட பொறிக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய இழைப்புப் பொறியில் ஓர் உருளையில் இரண்டு அல்லது மூன்று அலகுகள் பொருத்தப்பட்டிருக்கும். உருளை நிமிடத்திற்கு 5,000 முறை சுழலுமாயின், இரண்டு அலகுகளும் சேர்ந்து 10,000 முறை மரத்தை வெட்டும். பலகை நிமிடத்திற்கு 5 மீட்டர் நகர்ந்தால், ஒவ்வொரு வெட்டிற்கும் இடையே உள்ள தொலைவு அரை மில்லிமீட்டர் ஆகும். ஆனால், ஓர் அலகு மற்றதைவிட மயிரிழை அளவு உயர்ந்திருந்தாலும், உயர்ந்ததன் தடமே பலகையில் நிற்கும். வெட்டுகளின் இடைவெளி ஒரு மில்லிமீட்டராகும். பலகையில் அலை அலையான வரிகள் தோன்றும். இரண்டு அலகுகள் பூட்டிய பொறி ஓர் அலகின் பயனையே தரும்.

ஆகையால் பொறியிலும் மட்டமே முதன்மையானது. மேசைப் பொறியில் முன்மேசை, பின்மேசை என இரண்டு உண்டு. முன்மேசை எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ, அவ்வளவு கனமே சீவப்படும். பின்மேசையோ, சுழலும் அலகின் உச்சிக்குச் சரியான மட்டத்தில் நிற்க வேண்டும். பின்மேசை தாழ்ந்திருந்தால், பலகையின் கடைசிப் பகுதி முன்மேசையை விட்டு நீங்கும்போது கீழே சரிந்து, முனையில் பள்ளம் விழும். உயர்ந்திருந்தால் பலகை அதன் விளிம்பில் முட்டும். அன்றி ஒருபுறம் மெலிந்து சாயும். பலகையின் முனையைப் பார்த்தே மேசையின் குறையை அறியலாம். கை இழைப்புளியில் சீவல் கூறும் சான்றைப் பொறியில் பலகையின் முனை கூறுகிறது.

பொறியில் தவறுக்குத் தரும் விலை மரம் மட்டும் அன்று. பழைய பொறிகளில் அலகுகள் சதுரமான உருளையில் பூட்டப்பட்டிருந்தன. அவற்றின் மூலைகளுக்கு இடையே இருந்த பெரிய வெளியில் விரல்கள் இழுக்கப்பட்டுப் பலர் கையிழந்தனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட்டமான உருளை பரவிய பின்னரே அத்தீங்கு குறைந்தது. எனினும் முற்றும் ஒழியவில்லை. அலகைத் தொடுமுன் மின்னிணைப்பை நீக்கி, உருளை முழுவதும் நிற்கும்வரை காத்திருத்தல் வேண்டும். கையில் பிடிக்கும் மின் இழைப்புளியில், விசையை நிறுத்திய பின்னும் உருளை சில நொடிகள் சுழன்றுகொண்டிருக்கும்; அது நிற்குமுன் கீழே வைத்தல் கேடு. அலகைப் பூட்டும் திருகாணிகளைச் சிறிது சிறிதாக மாறிமாறி இறுக்கி, இறுதியில் ஒவ்வொன்றையும் மறுமுறை சரிபார்க்க வேண்டும். பழைய மரத்தில் ஆணி உள்ளதா என்று பார்த்தல் வேண்டும். குட்டையான கட்டைகளைப் பொறியில் செலுத்துதலும், தோளில் துண்டு தொங்க அருகில் நிற்றலும், கையுறை அணிந்து வேலை செய்தலும் கூடா. உருளை பற்றிய துணி கையையும் உடன் இழுத்துவிடும்.

கைக்கருவியாயினும் பொறியாயினும், அவற்றைச் செம்மை செய்யும் முறை ஒன்றேயாகும். முதலில் பார்த்தல், பின்பு சிறிதே திருத்தல், மீண்டும் ஒரு சீவல் எடுத்துச் சோதித்தல். ஒரே அடியில் எல்லாவற்றையும் திருத்திவிட முயல்வோர் அலகை வாய்க்கு வெளியே தள்ளிவிடுவர். எனவே, தேர்ந்த தச்சர் ஒரு நாளின் வேலையைத் தீட்டுகல்லின் முன் தொடங்குகிறார். பலகையைத் தொடுமுன் பயனற்ற ஒரு மரத்துண்டில் இழைத்துப் பார்க்கிறார். பார்ப்போருக்கு அது காலத்தை வீணாக்குவதாகத் தோன்றும். ஆனால், அவர் செய்த கதவு பல மழைக்காலங்களுக்குப் பின்னும் நிலையில் பொருந்தி நிற்கிறது. அவருடைய பத்து விரல்களும் முதுமையிலும் அவருக்குத் துணையாக இருக்கின்றன. குறையைப் பிறிதொன்றிடம் தேடுமுன் தம் கருவியிடம் தேடும் பழக்கமே அவருக்கு இவ்விரண்டையும் ஈட்டித் தந்தது.